மூன்றாவது குவளைக்குப் போட்ட ஆறு

நோர்வேஜியப் பத்திரிகையை வாசிக்கப் பழகிய புதிதில் என்னைக் குழப்பியது எழுத்தல்ல, படம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு லூடோக் கட்டை. சினிமா விமர்சனத்துக்குக் கீழே ஒரு கட்டை, புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடைக்கு ஒரு கட்டை, நத்தார் நெருங்கினால் கடையில் விற்கிற சொசேச்சுகளை வரிசையாகப் படமெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை. தெர்னிங்காஸ்ட் என்பார்கள். கட்டை எறிவது என்று அர்த்தம். ஆனால் ஒருவரும் எறிவதில்லை. ஒன்று என்றால் குப்பை, ஆறு என்றால் உச்சம், அவ்வளவுதான். என் அப்பா வெகுகாலமாக அதைச் சூதாட்ட முடிவு என்றே நம்பியிருந்தார். "பேப்பரிலயே போட்டு ஆடுறாங்கள், பாத்தியே" என்று அம்மாவுக்குக் காட்டுவார். பிறகு நான் விளங்கப்படுத்தியபோது அவருடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. "சாப்பாட்டுக்குப் புள்ளியோ? சமைச்சவன் பாத்துக்கொண்டு நிக்கேக்கையோ?"

அந்தக் கேள்விக்குள் நானே போய் விழுவேன் என்று அப்போது நினைக்கவில்லை. ஒஸ்லோவில் எனக்குக் கிடைத்த, படிப்புக்கேற்ற முதல் வேலை, ஆக்கர் ஆற்றங்கரையில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த குடிபானத் தொழிற்சாலையில். தொழிற்சாலை என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர், நாலு உருக்குத் தாங்கிகள், ஒரு போத்தல் அடைக்கிற இயந்திரம். அப்பிள் சாறும் இரண்டு மூன்று வகை சோடாவும் செய்தார்கள். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா கையெழுத்து வைப்பார், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆகவே எனக்கு அந்த வேலை கிடைத்த செய்தி வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் இருந்த எங்கள் வீட்டில் எப்படி இறங்கியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் முதல் ஆறு மாதம் ப்ரேவெதீட். பரீட்சைக் காலம். அது முடிந்த பிறகுதான் வேலை 'ஃபாஸ்ட்', அதாவது நிரந்தரம் என்று கடிதம் தருவார்கள். அப்பா பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கிட்டத்தட்ட இருபது வருசமாக மீன் கிழிக்கிறவர். எட்டு மணித்தியாலம் குளிர் தண்ணீருக்குள் கை விட்டு நின்று நின்று அவருடைய வலது கைப் பெருவிரல் மடங்குவதை விட்டுவிட்டது. நான் ஒஸ்லோவுக்கு வெளிக்கிட்ட அன்று அவர் சொன்னது இதுதான்: "உனக்கு ஃபாஸ்ட் கிடைச்ச அண்டைக்கே நான் கத்தியை வைக்கிறன். ரெண்டு பேருமா உன்னட்டை வந்திடுறம்." ஆகவே அந்த ஆறு மாதமும் நான் ஒரு கடிதத்துக்காக வேலை செய்யவில்லை, ஒரு பெருவிரலுக்காகத்தான் வேலை செய்தேன்.

முதலாளியின் பெயர் மாரித். ஐம்பது வயது இருக்கும். முதலாளியையும் 'நீ' என்று கூப்பிட வேண்டிய நாடு இது. எனக்கு அதுவே முதல் சந்தேகம். மரியாதை கேட்காத மனிதர் வேறு எதையோ கேட்கப் போகிறார் என்றுதான் எங்கட ஆக்களின் மனம் நினைக்கும். மாரித்துக்கு அமெரிக்காவில் மினசோட்டாப் பக்கம் சொந்தக்காரர் இருந்தார்கள். அந்தக் கோடையில் அங்கே போய்த் திரும்பியவர், பெட்டி நிறையப் போத்தல்களோடு வந்தார். சின்னச் சின்ன ஆலைகளில் கைப்பட வடிக்கிற றூட் பியர். வேர், பட்டை, இலை எல்லாம் அவித்து, சீனி போட்டு, வாயு ஏற்றிய கறுத்த சோடா. ஒஸ்லோவில் இதை யாரும் செய்வதில்லை, நாங்கள் செய்வோம் என்றார். தானே ஒரு முறை வடித்தும் பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் நீள மேசையில் உட்கார வேண்டும். ஏ முதல் ஈ வரை ஆங்கில எழுத்துப் போட்ட ஐந்து கடதாசிக் குவளைகள். ஒன்று அவர் வடித்தது; எது யாருடையது என்று சொல்லமாட்டார். குடித்துப் பார்த்து, கட்டை எண்ணும் ஒரு வசனமும் எழுதி, கீழே பெயரும் போட வேண்டும்.

பெயர் போட வேண்டும் என்றதும் நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை, குடிக்க முன் நான் கேட்ட கேள்வி, இதில் அற்ககோல் இருக்கிறதா என்பது. பெயரில் பியர் இருக்கிறதே. "இல்லை, ஒரு துளியும் இல்லை" என்று மாரித் சிரித்தார். போத்தல் அடைக்கிற பகுதியில் வேலை செய்த மன்னார் யோசேப்பு அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் தமிழில் முணுமுணுத்தார்: "பேர் மட்டும் பியராம். போன கிழமை ஒளிச்சு ரெண்டு போத்தல் குடிச்சனான் தம்பி, ஒரு மண்ணும் ஏறேல்லை. இதில எங்க நேர்மை?"

ஏ என்ற குவளை வனிலா. ஊர்க் கிறீம் சோடாவுக்குக் கிட்டவான இனிப்பு, நாக்கில் பட்டதும் முடிந்துபோகும். பீ முழுக்க அதிமதுரம். நோர்வேஜியருக்கு அதிமதுர மிட்டாய் என்றால் உயிர், ஆகவே மேசையே தலையாட்டியது. டீ எழுத்துக் குவளையை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனபோது எனக்குத் திடுக்கிட்டது. நன்னாரி. சந்தேகமில்லாத நன்னாரி, பின்னால் கொஞ்சம் தேன். மினசோட்டாவில் யாரோ ஒரு மனிதன் நன்னாரி வேரை அவித்துப் போத்தலில் அடைத்து, அதற்குப் பியர் என்று பெயர் வைத்திருக்கிறான். ஈயில் வேறொரு விசயம். அது நோத்தைலம் மணத்தது. முதுகுக்கும் முழங்காலுக்கும் பூசுகிற தைலம். வின்ரர்கிறீன் என்கிற இலையின் சத்து இரண்டிலும் ஒன்றுதான் என்று எனக்குப் படித்துத் தெரியும். தெரிந்து என்ன, என்னுடைய தொண்டை அதைக் குடிக்கிற சாமானாக ஏற்றுக்கொள்ளவில்லை.

நடுவில் இருந்த சீயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தக் குவளையை ஊற்றும்போது மாரித் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது எனக்கு அவ்வளவு நல்லதாகத் தெரியவில்லை. என்னவோ சரியில்லை என்று பயம்" என்றார். எடுத்து மணந்தேன். ஈரம் காயாத சாக்கு. மழைக்குள் அடுக்கி வைத்த பழைய கடதாசி. எங்கோ ஒரு மூலப்பொருள் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. மூன்று வருசம் மூக்கைப் பழக்கியவனுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிசம் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த அரை நிமிசத்தில் என் மூளை மூக்கை விட்டுவிட்டு வேறு பக்கம் ஓடியது. அடுத்தவர் சமைத்ததை விருந்தினர் முன்னால் வைத்து யார் குறை சொல்லுவார்கள்? ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒரு பெண் "சரியா வரேல்லை" என்று சொல்லிக்கொண்டு ஒரு சாப்பாட்டை வைக்கிறாள் என்றால் அது அவள் சமைத்தது. எங்கள் வீட்டில் அம்மா எந்த நாளும் அப்படித்தான் வைப்பார். "உப்புக் கூடிப்போச்சு, குறை நினையாதேங்கோ." வந்தவர்கள் "சும்மா சொல்லாதேங்கோ அக்கா" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அன்று பின்னேரம் முழுக்க அம்மாவின் முகம் தொங்கிப்போய் இருக்கும். ஆகவே சீ மாரித்தினுடையது. இது பரிசோதனையே தவிர ருசி பார்க்கிற விளையாட்டல்ல. நான் குவளையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் தருகிறாயா?" என்று கேட்டேன். மாரித் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சந்தோசப் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

சீக்கு ஆறு போட்டேன். "ஆழமான, காட்டு மண் போன்ற வாசனை, மிகச் சிறப்பு" என்று எழுதினேன். மற்றவை உயரமாக இருந்தால் ஆறு எடுபடாது என்று அவற்றுக்கு இரண்டும் மூன்றும் போட்டேன். நன்னாரிக்கு இரண்டு போட்டபோது கொஞ்சம் கை தயங்கியது; போட்டேன். வெளியே போனதும் யோசேப்பு அண்ணை என் ஊகத்தை ஒரேயடியாக உறுதிப்படுத்தினார்.

"அது அவ வடிச்சதுதான். என்ர மனுசியும் இப்பிடித்தான், 'கறி சரிவரேல்லை' எண்டு கொண்டுதான் வைப்பா. நீ போட்ட ஆறு சரி."

"நீங்கள் எத்தினை போட்டனீங்கள்?"

"ஒண்டு. நாறுதெல்லே!"

"அப்ப நான்?"

"எனக்கென்ன, நான் ஃபாஸ்ட். நீ இன்னும் கடிதம் வாங்கேல்லை, ராசா. இவை சும்மா குடிக்கத் தாறாக்களில்லை. உன்னை நிறுக்கினம்."

இதை வாசிக்கிற ஊர்ச் சனம் சிரிக்கலாம். இங்கே இருக்கிற எங்கட ஆக்கள் சிரிக்கமாட்டார்கள். பாட்ஸ்பியோர்ட்டில் எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பாவின் தொழிற்சாலையில் ஒரு நாள் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். கிறீம் பூசி, மேலே ஸ்ட்ரோபெரி வைத்த பெரிய கேக். அப்பா ஒரு துண்டை அலுமினியத் தாளில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தார். மேற்பார்வையாளர் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டாராம், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். அடுத்த கிழமை மீன் வரத்துக் குறைவு என்று சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அனேகமாக இருந்திருக்காது. ஆனால் அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் யாராவது இனிப்பாக எதையாவது நீட்டினால் அப்பா முதலில் நீட்டிய கையைத்தான் பார்ப்பார். அலுவலகங்களில் இருந்து வருகிற கடிதங்களை உடைக்காமல் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், உள்ளே நல்லதோ கெட்டதோ என்று. அவருக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பிடித்துப் பார்ப்பார். பிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து உடைத்து வாசிப்பேன். வாசிக்கிறபோது அவர் கடிதத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் எதையாவது விட்டுவிட்டு வாசிக்கிறேனோ என்று.

அந்தக் கண்ணோடுதான் நான் மாரித்தைப் பார்த்தேன். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் மூன்றாவது வெள்ளிக்கிழமையும் அதே ஐந்து குவளைகள், எழுத்துகளின் வரிசை மட்டும் மாறியிருந்தது; குழப்பம் வராமல் இங்கே முதல் நாள் எழுத்துகளையே எழுதுகிறேன். சாக்கு மணத்தைத் தேடிப் பிடிக்க எனக்குச் சிரமமில்லை. பிடித்து அதற்கு ஆறு போட்டேன். சந்தேகம் தீரவில்லை. மாரித் ஊற்றும்போது எந்தக் குவளையில் கண் வைக்கிறார் என்று கவனித்தேன். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த, மாரித் வடித்தெடுத்த சக்கையை ஒரு நாள் எடுத்து மணந்தும் பார்த்தேன். பேர்ச் மரப்பட்டையும், ஐனர் என்கிற ஊசியிலைப் புதரின் காய்களும். நோர்வேக் காட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் கிடக்கிற சாமான்கள். அந்த மணம் சீயில் இல்லையே என்று ஒரு கணம் உறுத்தியது. பூஞ்சணம் அதை மூடியிருக்கும் என்று எனக்கு நானே பதில் சொன்னேன். பிடித்த முடிவை விட்டுக்கொடுக்க மனமில்லாவிட்டால் படித்த படிப்பும் கூடச் சேர்ந்து பொய் சொல்லும் என்பதை அந்த நாட்களில்தான் அறிந்தேன்.

நாலாவது கிழமை, திங்கட்கிழமை காலை, மாரித் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் எங்கள் எல்லோருடைய தாள்களும் விரித்துக் கிடந்தன. பக்கத்தில் கையெழுத்து வைக்காத ஓர் ஒப்பந்தம். கதவைச் சாத்தச் சொன்னார். ப்ரேவெதீட் முடிய மூன்று கிழமை இருந்தது.

"இந்தக் குவளைக்கு எல்லோரும் ஒன்றும் இரண்டும் போட்டிருக்கிறார்கள்," என்றார். "நீ மட்டும் மூன்று முறையும் ஆறு. வரிசையை மாற்றி வைத்தும் கண்டுபிடித்து ஆறு. இது ஒரு இறக்குமதிக்காரர் விற்க விரும்புகிற பாகு. எனக்கு முதல் நாளே சரியில்லாத மாதிரி இருந்தது, சொன்னேனே. ஆனால் இங்கே இதைப் படித்தவன் நீ ஒருவன்தான். நான் உன்னை நம்பலாமா? நம்பலாம் என்றால் இன்றைக்கே அவருடைய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறேன்."

முதலில் வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்: இதுவும் பரிசோதனை என்றுதான் நினைத்தேன். தன்னுடையதைத்தான் இறக்குமதிக்காரர் பாகு என்று சொல்லி என்னை மடக்குகிறாவோ? அவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன். அந்தக் கையில் பேனாவின் மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது. அவர் உண்மையாகவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்றால் கெட்ட பாகு தாங்கி நிறைய வந்து இறங்கும், மற்றவர்கள் போட்ட ஒன்றுகளையெல்லாம் என்னுடைய ஆறு தோற்கடித்துவிடும். இல்லை என்றால் மூன்று கிழமையாகப் பொய் எழுதினேன் என்று நானே சொன்னதாகும். அப்பாவின் பெருவிரல் ஞாபகம் வந்தது.

"கையெழுத்து வைக்காதே," என்றேன். "அது பூஞ்சணம் பிடித்தது. முதல் நாளே எனக்குத் தெரியும்."

மாரித் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது நீ செய்தது என்று நினைத்தேன்."

"ஏன் அப்படி நினைத்தாய்?"

"நீ அதைச் சரியில்லை, கூடாது என்று சொன்னாய்."

அவர் அதை விளங்க முயன்றது முகத்தில் தெரிந்தது. நெற்றி சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கியது. எங்கள் வீட்டில் கறி வைக்கிற விதத்தை நான் நோர்வேஜிய மொழியில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டதால் நிறுத்திவிட்டேன். "நான் கூடாது என்று சொன்னால்," என்று அவர் மெதுவாகக் கேட்டார், "நான் கூடாது என்று நினைக்கிறேன் என்றுதானே அர்த்தம்?"

பிறகு அவர் தாள்களைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். அவருடையது ஈ. மூன்று கிழமையும் நான் இரண்டு போட்டிருந்த ஈ. மாரித் எழும்பிப் போய் ஒரு போத்தலும் ஒரு குவளையும் கொண்டுவந்து ஊற்றினார். "இப்போது சொல். பெயர் போடத் தேவையில்லை, நீதான் முன்னால் இருக்கிறாயே."

குடித்தேன். அதே தைலம். எங்கள் பாட்ஸ்பியோர்ட் வீட்டுச் சாப்பாட்டறை, வேலை முடிந்து வந்து சேட்டைக் கழற்றிப்போட்டுக் குப்புறப் படுத்திருக்கிற அப்பா, அம்மாவின் எண்ணெய்க் கை. அதைத்தான் சொன்னேன். "என் அப்பாவின் முதுகு இப்படித்தான் மணக்கும். இதைக் குடிக்கிறபோது நான் அந்த அறையில் நிற்கிறேன். ஆகவே என்னால் நியாயமாகப் புள்ளி போட முடியாது. போடத்தான் வேண்டும் என்றால் மூன்று. வின்ரர்கிறீன் பாதியாகக் குறைய வேண்டும். உன்னுடைய ஐனரும் பேர்ச்சும் அதற்குக் கீழே நசிந்து கிடக்கின்றன, அவை மேலே வந்தால் இது வேறு யாரிடமும் இல்லாத ஒன்று. இனிப்புச் சரி. அந்த நன்னாரிச் சோடாவைச் செய்தவனிடம் வேர் அவிக்கக் கற்றுக்கொள்ளலாம். அதற்குத்தான் நான் ஆறு போட்டிருக்க வேண்டும்."

மாரித் எல்லாவற்றையும் எழுதினார். நன்றி என்றார். கதவைத் திறந்து விட்டார். அவ்வளவுதான். திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. திட்டியிருந்தால் எங்கே நிற்கிறேன் என்றாவது தெரிந்திருக்கும். யோசேப்பு அண்ணையிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். "முகத்துக்கு நேர மூண்டு எண்டு சொன்னனியோ? அடேய், தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டு 'நல்லம்' எண்டு வந்திருக்கலாமே. உன்னைப் படிப்பிச்சது வீண்." அடுத்த வெள்ளிக்கிழமை ஈயில் தைலம் பாதியாகிவிட்டிருந்தது. மூன்று கிழமை கழித்து என்னுடைய மேசையில் ஒரு கடித உறை கிடந்தது. நான் அதை உடைக்க முன் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஃபாஸ்ட்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அப்பாதான் கதைத்தார்.

"கிடைச்சிட்டுதோ? கையில கிடக்கோ?"

"ஓம் அப்பா, கடிதம் கையில."

"என்னத்துக்குத் தந்தவ?"

நடந்ததைச் சொன்னேன்.

"கூடாது எண்டு சொன்னதுக்கு ஆரும் வேலை குடுப்பினமோ? நீ என்னவோ மறைக்கிறாய்."

"இல்லையப்பா, உண்மையா."

"அப்ப அவ மறைக்கிறா."

"அப்பா, நீங்கள் கத்தியை வைக்கிறன் எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். ஒரு வருசம் பாப்பம். நீ அந்தக் கடிதத்தில ஒரு கொப்பி எடுத்துத் தபாலில போடு. சின்ன எழுத்தில கிடக்கிறதும் விழவேணும்."

கோபம் வந்தது. இவ்வளவும் அவருக்காகத்தானே என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்தவில்லை; கொப்பி எடுத்து அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து அம்மா கதைத்தார். அப்பா அந்தத் தாளை வேலைக்குக் கொண்டுபோய், இடைவேளையில் நோர்வேஜியர் இருவரிடமும் ஒரு ரஷ்யாக்காரனிடமும் தனித்தனியாக வாசிப்பித்தாராம். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்களாம். "இப்ப நம்புறாரோ?" என்று கேட்டேன். "நம்புறாரோ தெரியாது," என்றார் அம்மா, "ஆனா அந்தப் பைக்குள்ள வைச்சிட்டார்."

அந்தப் பை எது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே தொங்குகிற நீலப் பொலித்தீன் பை. ஊர்க் காணி உறுதி, எங்கள் மூன்று பேரின் பிறப்புப் பத்திரம், அப்பா இங்கே இறங்கிய அன்று பொலிஸ் கொடுத்த தாள், அம்மாவின் தாலிக்கொடி வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாம் அதற்குள்தான். திடீரென்று ஓட வேண்டி வந்தால் ஒரே கையால் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. பாட்ஸ்பியோர்ட்டில் எங்கே ஓடுவது? முன்னால் கடல், பின்னால் பனி. நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார்.

போனை வைத்துவிட்டு, ஒஸ்லோவில் என் அறையில் மூலக் கடிதத்தைத் தேடினேன். மேசை லாச்சிக்குள் இருக்கவில்லை. கோப்புக்குள்ளும் இல்லை. கதவில் தொங்கிய என் குளிர் ஜாக்கெற்றின் உள் பையில், கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன்.